முதல் கேமரா: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

"கேமரா வாங்கணும். டிஎஸ்எல்ஆர் வாங்கவா, மிரர்லெஸ் வாங்கவா?" கல்லூரி திறக்கும் மாதத்திலும் தீபாவளி போனஸ் மாதத்திலும் இந்தக் கேள்வி எனக்குத் தவறாமல் வரும். இந்த வருஷம் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் சீட்டு எடுத்த பணத்தில் கேமரா வாங்கி, கல்யாண வீடுகளில் உதவியாளராகச் சேரப்போகிற பையன். இன்னொருவர் பாட்டியின் பேச்சை வீடியோவாகப் பதிவு செய்ய நினைக்கும் ஒரு பேத்தி. மூன்றாமவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், பறவை பார்ப்பவர். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கூத்து ஆடுகளங்களிலும் நூலகங்களிலும் படம் எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இரண்டு வகைக் கேமராவையும் அங்கே பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் விளம்பர மொழியை ஒதுக்கிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அது புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கண்ணாடி எதற்கு வந்தது?

பழைய ஸ்டுடியோக்களில் இரட்டை லென்ஸ் கேமரா பார்த்திருப்பீர்கள். ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா மாதிரி. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. பார்க்கும் கண் ஒன்று, எடுக்கும் கண் இன்னொன்று என்பதால் பொருள் பக்கத்தில் வரும்போது இரண்டும் ஒத்துப்போகாது. நீங்கள் பார்த்த தலை படத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் எஸ்எல்ஆர். லென்ஸ் ஒன்றே ஒன்று. அதன் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கண்ணாடி மேலே திருப்பிவிடுகிறது. அங்கே ஐங்கோணப் பட்டகம் அதை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எகிறும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி கீழே இறங்கும். 'க்ளக்' என்ற அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி கண்ணாடியுடையது. 1959இல் வந்த நிக்கான் எஃப் இந்த அமைப்பைத் தொழில்முறைக் கலைஞர்களின் கையில் கொண்டுசேர்த்தது. ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சாரை வைத்தால் அது டிஎஸ்எல்ஆர். அமெரிக்காவில் 1000 டாலருக்குக் கீழே 2003இல் கேனன் 300டி வந்தபோதுதான் அது சாதாரண ஆட்களுக்கு எட்டத் தொடங்கியது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபிலிமுக்கு, தான் பார்ப்பதை முன்கூட்டியே காட்டத் தெரியாது. அதனால் கண்ணாடி தேவைப்பட்டது. சென்சாருக்கோ காட்டத் தெரியும். அப்படியானால் கண்ணாடி எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதிலாக 2008இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 வந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சார் பார்ப்பதைச் சின்னத் திரையில் காட்டியது. 2010இல் சோனி என்இஎக்ஸ் வரிசையை வெளியிட்டது. 2018இல் கேனன் ஆர் வரிசையையும் நிக்கான் இசட் வரிசையையும் தொடங்கின. 2020இல் உலக அளவில் அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டியது.

படத்தின் தரத்தில் வித்தியாசம் உண்டா?

நுழைவுநிலையில் இல்லை என்றே சொல்லலாம். கேனன் 1500டி என்ற டிஎஸ்எல்ஆர் 24.1 மெகாபிக்சல். கேனன் ஆர்50 என்ற மிரர்லெஸ் 24.2 மெகாபிக்சல். இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார், கிட்டத்தட்ட 22.3 × 14.9 மிமீ. ஒரே வெளிச்சத்தில், ஒரே லென்ஸில் எடுத்த இரண்டு படங்களை நோட்டுப் புத்தக அளவில் அச்சிட்டுக் காட்டினால் எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்வது கஷ்டம்.

ஆனால் லென்ஸில் பெரிய வித்தியாசம் உண்டு. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் ஜூம் செய்த நிலையில் பெரும்பாலும் எஃப்/5.6 அல்லது அதைவிடக் குறைந்த ஒளிதான் தரும். 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். கணக்கு எளிது: 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள். மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டிய முகத்தை, இந்த லென்ஸில் சுமார் 640இலேயே சுத்தமாக எடுக்கலாம். எந்தப் புது மாடல் பாடியும் இந்த அளவு முன்னேற்றத்தைத் தராது. முழுதாகத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறையும், பக்கத்தில் நிற்பவர் மங்கலாவார். அதைப் பழகிக்கொள்ளலாம்.

ஆக முதல் விதி: மொத்தப் பணத்தையும் பாடியில் போடாதீர்கள்.

எடை விஷயத்தில் ஒரு கட்டுக்கதை

"மிரர்லெஸ் ரொம்ப லைட்டுங்க" என்று கடையில் சொல்வார்கள். எண்களைப் பாருங்கள். பேட்டரி, கார்டோடு நிக்கான் டி3500 என்ற டிஎஸ்எல்ஆர் 415 கிராம். சோனி ஏ6400 என்ற மிரர்லெஸ் 403 கிராம். வித்தியாசம் 12 கிராம். பருமன் குறைவு என்பது உண்மை. கிட் லென்ஸும் சின்னது. ஆனால் எஃப்/1.8 லென்ஸோ நீளமான டெலி லென்ஸோ மாட்டினால் இரண்டும் ஒரே பையைத்தான் கேட்கும். கை பெரிதாக இருப்பவர்களுக்கு டிஎஸ்எல்ஆரின் பிடி வசதியாகவே இருக்கும்.

ஃபோகஸ்: இங்கேதான் வயது தெரிகிறது

டிஎஸ்எல்ஆரின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கிறது. கொஞ்சம் ஒளியை அது கேமராவின் அடிப்பகுதிக்கு அனுப்பும். அங்கே உள்ள தனி ஃபோகஸ் சென்சார் தூரத்தைக் கணக்கிடும். வேகமான முறைதான். ஆனால் இரண்டு குறைகள்.

ஒன்று, ஃபோகஸ் அளப்பது ஓர் இடம், படம் பதிவாவது வேறு இடம். இரண்டின் தூரமும் இம்மி பிசகினால் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். விலை கூடிய டிஎஸ்எல்ஆர்களில் இதை மெனுவிலேயே சரிசெய்யலாம். 1500டியிலும் டி3500இலும் அந்த வசதி கிடையாது.

இரண்டு, புள்ளிகள் குறைவு. 1500டியில் 9, டி3500இல் 11, எல்லாம் நடுப்பகுதியைச் சுற்றியே. ஏ6400இல் சென்சார் மேலேயே 425 புள்ளிகள், திரையின் பெரும்பகுதியை மூடியபடி. மேலும் மிரர்லெஸ் சென்சாரிலேயே அளப்பதால் முதலில் சொன்ன பிசகு வர வழியில்லை. முகத்தையும் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். ஓடும் குழந்தை, திரும்பித் திரும்பிப் பேசும் மணப்பெண் போன்ற இடங்களில் இந்த வசதிக்கு ஈடு கிடையாது.

வியூஃபைண்டர்: இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பது நிஜ ஒளி. தாமதம் இல்லை, கண் சோர்வு இல்லை, மின்சாரம் தேவையில்லை. நுழைவுநிலை மாடல்களில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை வைத்திருப்பார்கள், அதனால் காட்சி கொஞ்சம் மங்கல், சிறியது. 1500டியும் டி3500உம் படத்தின் 95 சதவீதத்தைத்தான் காட்டும். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி நுழைந்திருப்பது பிறகுதான் தெரியும்.

மிரர்லெஸ்ஸில் தெரிவது சென்சார் பார்க்கும் படம். வெளிச்சம் கூடினதா குறைந்ததா என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. கூத்தில் கட்டியங்காரன் மேல் ஒரு ஃபோகஸ் லைட், சுற்றிலும் கும்மிருட்டு. டிஎஸ்எல்ஆரின் ஒளி அளவி இருட்டையும் சேர்த்து எடைபோட்டு, முகத்தை வெள்ளையாக வெளுத்துவிடும். அதை எடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி எடுக்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் முகம் வெளுப்பது கண்ணிலேயே தெரியும், சக்கரத்தை ஒரு திருப்புத் திருப்பினால் போதும்.

சத்தமில்லாத ஷட்டரும் நூலகத்தில் ஒரு வரப்பிரசாதம். ஆனால் எச்சரிக்கை: சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மண்டப மேடையில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 ஆகிய இரண்டிலும் வியூஃபைண்டரே கிடையாது. வீடியோவுக்கென்று வந்தவை. நம்மூர் மத்தியான வெயிலில் பின் திரையை மட்டும் நம்பிப் படம் எடுப்பது சிரமம்.

பேட்டரி

டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று நிறுவனம் கணக்குக் காட்டுகிறது. ஏ6400 வியூஃபைண்டரில் 360, திரையில் 410. இவை ஒரே தர அளவீட்டில் எடுத்த எண்கள். நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக எடுக்கும், ஆனால் விகிதம் மாறாது. விடிய விடிய நடக்கும் கூத்துக்கு மிரர்லெஸ்ஸோடு போனால் மூன்று பேட்டரியாவது வேண்டும். கூடுதல் பேட்டரி விலையை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள். பவர் பேங்கில் இருந்து நேரடியாக யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏறுமா என்பதையும் மாடல் பார்த்துக் கேளுங்கள்.

வீடியோ

இதில் பேச்சே இல்லை. வீடியோ எடுக்கும்போது டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி மேலேதான் நிற்கும். அதாவது அதன் ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி போகாது. 1500டி, டி3500 இரண்டும் அப்போது மெதுவான வேறொரு முறைக்கு மாறும். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைவது வீடியோவிலேயே தெரியும். அதைவிட முக்கியம், இரண்டிலும் வெளி மைக் செருகத் துளை இல்லை. பேச்சுதான் உங்களுக்குத் தேவையென்றால் இந்த ஒரு காரணமே போதும், அவற்றை ஒதுக்கிவிடலாம். ஆர்50இலும் விலை குறைந்த ஆர்100இலும் மைக் துளை உண்டு. ஆர்100இல் தொடுதிரை கிடையாது, திரை திரும்பவும் திரும்பாது.

டிஎஸ்எல்ஆரிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 2019இல் வந்த கேனன் 200டி மார்க் 2. சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும், திரை திரும்பும், மைக் துளை உண்டு. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கும் கேமரா அது.

மவுண்ட்: உண்மையில் நீங்கள் வாங்குவது இதைத்தான்

பாடி நாலைந்து வருஷத்தில் மாறும். லென்ஸ்கள் கூடவே இருக்கும். லென்ஸ் பூட்டும் வளையத்தைத்தான் மவுண்ட் என்கிறோம். அதிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நிலையானது. கேனன் டிஎஸ்எல்ஆரில் 44 மிமீ. நடுவில் கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டுமே. கண்ணாடி இல்லாத ஆர் வரிசையில் 20 மிமீ. நிக்கானில் 46.5இலிருந்து 16 ஆகிவிட்டது.

இந்த எண்களுக்குள் ஒரு நல்ல சேதி இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட, மீதி 24 மிமீக்கு ஒரு குழாய் வைத்தால் போதும். அதுதான் அடாப்டர். கண்ணாடித் துண்டு எதுவும் நடுவில் இல்லாததால் தரம் குறையாது. கேனனின் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஆர் வரிசையில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். தலைகீழாக நடக்காது: மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை.

ஆகவே இன்று செகண்ட் ஹேண்டில் ஒரு கேனன் டிஎஸ்எல்ஆரும் நல்ல லென்ஸும் வாங்கினால், நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது லென்ஸில் போட்ட பணம் கூடவே வரும். நிக்கானில் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகும். விலை மலிவாகக் கிடைக்கும் 50 மிமீ எஃப்/1.8டி மாதிரி பழைய லென்ஸ்கள் ஆகாது. டி3500இலும் ஆகாது, ஏனென்றால் அதன் பாடியில் மோட்டார் இல்லை.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பழைய சந்தையில் கேனன் எம்50 நிறைய வரும். நல்ல கேமரா, அழகான படம். ஆனால் அதன் ஈஎஃப்-எம் மவுண்ட் கைவிடப்பட்டுவிட்டது. அந்த லென்ஸ்கள் ஆர் வரிசையில் பூட்டாது. மிரர்லெஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் முட்டுச்சந்தில் நிற்பீர்கள்.

டிஎஸ்எல்ஆர் மவுண்டும் ஒருவகையில் நின்றுபோனதுதான். நிக்கான் டி3000 வரிசையில் 2018க்குப் பிறகு புது மாடல் இல்லை. கேனனிலும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் வரவில்லை. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தயாரித்த லென்ஸ்கள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றை விற்றுவிட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போகிறவர்களால் விலை இறங்குகிறது. குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கு இதுதான் வாய்ப்பு.

பழையது வாங்கும்போது

- லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.
- லென்ஸை முழுதாகத் திறந்து, சாய்வாக வைத்த செய்தித்தாளில் ஒரு வரியைக் குறிவைத்து எடுங்கள். வேறு வரி தெளிவாக விழுந்தால் ஃபோகஸ் பிசகு. நுழைவுநிலை டிஎஸ்எல்ஆரில் அதை நாமாகத் திருத்த முடியாது.
- எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். கோடு இருந்தால் கீறல்.
- ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகியிருக்கும்.
- ஃபிளாஷ் பூட்டும் இடத்தில் நடுவில் ஒரு பின் இருக்கிறதா பாருங்கள். கேனன் 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அது இல்லை. மலிவான பிற நிறுவன ஃபிளாஷ், டிரிக்கர்கள் பல வேலை செய்யாது.
- ஒரிஜினல் பில் கேளுங்கள். திருட்டுப் பொருளுக்குப் பணம் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வாங்கிய பிறகு தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

அந்த மூவருக்கும் சொன்னது

பறவை பார்க்கும் ஆசிரியருக்கு டிஎஸ்எல்ஆர் சொன்னேன். வேடந்தாங்கலில் நத்தை குத்தி நாரை கூட்டுக்குத் திரும்பும்வரை மணிக்கணக்கில் கண்ணை ஒட்டிக் காத்திருப்பவர் அவர். பேட்டரி தீராத வியூஃபைண்டர் அவருக்கு முக்கியம். பழைய பாடி ஒன்றும் 55-250 மிமீ எஸ்டிஎம் லென்ஸும் போதும். ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 400 மிமீ அளவு நெருக்கம் தரும். பறக்கும் பறவைதான் வேண்டும் என்றால் மிரர்லெஸ்ஸின் ஃபோகஸ் உதவும். ஆனால் அதன் விலைக்கு அவர் பென்ஷன் இடம் கொடுக்காது.

பாட்டியைப் பதிவு செய்யும் பேத்திக்கு யோசிக்காமல் மிரர்லெஸ், கூடவே ஒரு சட்டைக் காலர் மைக். பணம் பற்றாவிட்டால் கேமராவைத் தள்ளிப்போட்டு, கையில் இருக்கும் போனோடு மைக்கை மட்டும் இந்த வாரமே வாங்கச் சொன்னேன். பாட்டிக்கு 87 வயது. கேமராவின் விலை இறங்கக் காத்திருக்கலாம், பாட்டியின் ஞாபகம் அப்படிக் காத்திருக்காது.

சீட்டுப் பணப் பையனுக்குத்தான் அதிக நேரம் பேசினேன். கிட் லென்ஸோடு ஒரு புது மிரர்லெஸ் வாங்கினால் அவன் பணம் அதோடு தீர்ந்துவிடும்; மண்டப இருட்டில் அந்த லென்ஸ் கைவிடும். அதே தொகையில் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், 50 மிமீ எஃப்/1.8, ஒரு ஃபிளாஷ், இரண்டு கார்டு, கூடுதல் பேட்டரி எல்லாம் வரும். அதை வைத்து முதல் முகூர்த்தத்திலேயே கூலி வாங்கலாம். அவன் சேரப்போகும் அண்ணன் எந்த நிறுவனக் கேமரா வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு அதையே வாங்கச் சொன்னேன். அவசரத்துக்கு லென்ஸும் பேட்டரியும் கைமாற்றாகக் கிடைக்கும். வேலை வீடியோ பக்கம் போகிறது என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அப்போது மிரர்லெஸ்தான்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? சென்னை, கோவை மாதிரி ஊர்களில் கேமரா ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டில் ஒன்றை இந்தச் சனிக்கிழமையும் இன்னொன்றை அடுத்த சனிக்கிழமையும் எடுங்கள். நீங்கள் நிஜமாகவே எடுக்கப்போகும் இடத்தில், அந்த வெளிச்சத்தில், அந்த மனிதர்களை எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாள் வாடகை, மொத்தச் செலவில் ஒரு சின்னப் பங்குதான்.